கொய்யா இலை ரசம்

ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேரை அழைத்தார்கள் என்பதை அழைத்தவரிடம் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம் என்று அங்கயற்கண்ணி சொன்னபோது, செயலாளர் அறவாழி தன் டிபன் கேரியரைத் திறப்பதைப் பாதியில் நிறுத்தினார்.

“எப்படி?”

“முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன் வாசல்ல நின்னு, வர்றவங்க முகத்தை ஞாபகம் வெச்சுக்கணும் சார். நூறு பேர்னு வைங்க. மறுநாள் முகூர்த்தத்துக்கும் போய் நிக்கணும். அங்கயும் நூறு பேர். அதுல அம்பது பேர் நேத்துப் பாத்த முகம். அப்படின்னா, கூட்டத்துல பாதியைத்தான் நான் நேத்துப் பாத்திருக்கேன். நேத்துப் பாத்தது நூறு. அப்ப மொத்தம் இருநூறு.”

“சரி. ரெண்டுக்குமே வராம வீட்டுல படுத்துக்கிட்டவன்?”

“அவனும் அந்த இருநூறுக்குள்ளதான் சார் இருக்கான். முகத்தையே பாக்காம அவனை எண்ணிட்டோம். இந்தக் கணக்கோட அழகே அதுதான்.”

அறவாழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பது அபூர்வம். ஓய்வு பெற இன்னும் ஆறேழு மாதம்தான் இருந்தது. மனைவி தேவசேனா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத மனிதர், இப்போது தானே சமைத்து நாலடுக்குக் கேரியரில் எடுத்து வருகிறார். ஆரம்பத்தில் அவருடைய சாம்பாரை ருசி பார்த்த டிரைவர் இரண்டு நாள் லீவு போட்டதாக ஒரு கதை உண்டு. போகப் போகக் கை தேறிவிட்டது. ஆனால் மேல் மூன்று அடுக்கைத்தான் அவர் திறப்பார். நாலாவது அடுக்கில் யாருக்கும் கொடுக்காமல் ஏதோ இனிப்பு வைத்திருக்கிறார் என்பது ஆபீஸின் முடிவு.

அவர் கேட்டது கல்யாணக் கணக்கு இல்லை. செத்தவர்களின் கணக்கு.

ஒருவர் வாழ்நாளில் போனில் பேசியதையெல்லாம் கோத்து, அவரைப் போலவே பேசும் ஒரு குரலை உண்டாக்கித் தருவது பத்துப் பன்னிரண்டு வருடங்களாகச் சாதாரண விஷயமாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய பழைய எண்ணுக்கே போன் செய்யலாம். அவரே எடுப்பார். சாப்பிட்டாயா என்பார். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தாயா என்பார். சட்டம் இதற்கு ஒரு வருடம் அனுமதித்தது. தலைத்திவசத்தோடு குரலை அணைத்துவிட வேண்டும். அழுது தீர்க்க ஒரு வருடம் போதும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அதுவரை யாரும் சாகவில்லை போலிருக்கிறது.

ஜனங்கள் அணைக்கவில்லை. பழைய செல்போன்களைப் பழுது பார்க்கும் கடைகளில் குரலை ரகசியமாக ஒரு சோப்பு டப்பா அளவுப் பெட்டிக்கு மாற்றி, பழைய சிம்மையும் அதற்குள் செருகி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். வீட்டாரின் போனிலிருந்து மட்டும் பெட்டியை எட்டலாம். வெளியார் அந்த எண்ணை அழைத்தால் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற அறிவிப்புதான் கேட்கும். இப்படி ஒளிந்திருக்கும் குரல்கள் எத்தனை? வீடு வீடாகக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அதற்காகத்தான் மறைகணிப்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, அங்கயற்கண்ணியை அதற்குத் தலைமை ஆக்கினார்கள்.

“பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தா நம்ம துறை அளவுலயே முடிச்சிடலாம்,” என்றார் அறவாழி. “ஒரு மாசம் டைம். குடும்பத்துல யாராவது முன்னால வந்து கேட்டா பெர்மிட். யாரும் கேக்காததை மொத்தமா அழிச்சிடுவோம், சத்தமில்லாம. பத்தாயிரத்துக்கு மேல போச்சுன்னா சட்டசபைக்குப் போகணும். விவாதம், டிவி, கோர்ட்டு. அது முடியற வரைக்கும் பெர்மிட் கிடையாது. யார்கிட்டயாவது பெட்டி இருக்கறது தெரிஞ்சா சீல். கவர்ன்மென்ட் ஸ்டாஃபா இருந்தா வேலைக்கும் ஆபத்து.”

“எது வரும்னு சார் நினைக்கிறீங்க?”

“நான் நினைச்சு என்ன ஆகப்போகுது? கீழே வந்தா எல்லாருக்கும் நல்லது.” அதைக் கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டு அவர் கேரியரின் மூடியைத் திருகினார்.

அங்கயற்கண்ணியும் அதையேதான் வேண்டிக்கொண்டாள். அவள் கைப்பையின் உள்ஜிப்புக்குள் ஒரு சோப்பு டப்பா இருந்தது. அதற்குள் அவள் கணவன் சோலைராஜன் இருந்தான்.

அவன் மதுரையில் பல் மருத்துவனாக இருந்தவன். அவளுக்கு மாமா மகன். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் கிளினிக்கைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தவன். ஒரு மாரடைப்பில் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. குரலை அணைக்க வேண்டிய நாளுக்குப் பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது. அது சோலைராஜனா, அல்லது சோலைராஜனைப் போலப் பேசும் ஒரு கருவியா என்ற கேள்வியை அவள் எழுப்புவதே இல்லை. புள்ளியியல் படித்தவளுக்கு எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது நன்றாகத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் அவனோடு பேசுவாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மிச்ச இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே வந்தால் அவளும் ஒரு பெர்மிட் வாங்கிக்கொள்ளலாம். பிறகு தொட்டிக்குப் பின்னால் ஒளிய வேண்டாம்.

கல்யாணக் கணக்கைக் குரல்களிடம் போட ஒரு சிக்கல் இருந்தது. நேற்றுப் பார்த்த முகமா என்று பார்க்க அவற்றுக்கு முகம் கிடையாது. முதல் சுற்றில் சந்தித்த குரலின் மேல் ஏதாவது ஓர் அடையாளம் போட்டுவிட வேண்டும். இரண்டாம் சுற்றில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லிக் குடுத்துடலாமா அக்கா?” என்றாள் ஜெர்லின். களப்பணி முழுவதும் அவள் பொறுப்பு. முப்பது வயதுக்குள் தமிழ்நாட்டின் எல்லாப் பேருந்து நிலையங்களிலும் டீ குடித்து முடித்தவள்.

“மறந்துடுவாங்க. பிரயோஜனம் உள்ளதா இருந்தாத்தான் ஞாபகம் நிக்கும். அதே நேரம் வேற யாருக்கும் தெரியாததாவும் இருக்கணும்.”

ஜெர்லின் யோசித்தாள். “ரசத்தை இறக்கும்போது ஒரு கொய்யா இலையைக் கிழிச்சுப் போடச் சொல்லுவோம். உலகத்துல எவளும் போட மாட்டா.”

அப்படியே முடிவாயிற்று. முதல் சுற்றில், குரல் வைத்திருக்கும் ஒரு குடும்பம் தனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தைக் காட்ட, அது இன்னொன்றைக் காட்ட, சங்கிலி போலப் போய் ஆயிரத்து இருநூறு குரல்களிடம் கொய்யா இலையைச் சொன்னார்கள். பெயர் கேட்பதில்லை, முகவரி எழுதுவதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் குடும்பங்கள் போனை நீட்டின. இரண்டு மாதம் கழித்து, பழுது பார்க்கும் கடைகளின் வழியாக ஆயிரம் குரல்களை அடைந்து, ரசத்தில் கடைசியாக என்ன போட வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

பாதிக்குமேல், அறுநூறு குரல்கள், கொய்யா இலை என்றன.

ஜெர்லின் கால்குலேட்டரைத் தொடவே இல்லை. “ஆயிரத்துல அறுநூறுன்னா, நாம மொதல்ல பாத்த ஆயிரத்து இருநூறுதான் மொத்தத்துல அறுபது பர்சன்ட். அப்ப மொத்தமே ரெண்டாயிரம். அவ்ளோதானா அக்கா? என் தெருவுலயே நாலு வீட்டுல இருக்கும்னு நெனச்சேன்.”

அங்கயற்கண்ணிக்கும் அது உறுத்தியது. ஆனால் சந்தோஷம் உறுத்தலை முந்திக்கொண்டது. பெர்மிட் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அறவாழியிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. “ரெண்டாயிரம். நல்ல நம்பர்,” என்றார். “சீக்கிரம் ரிப்போர்ட்டைக் கொடுங்க.”

அன்று மத்தியானம் தொட்டி நிழலில் உட்கார்ந்து, கேன்டீன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே அவள் பெட்டிக்குப் போன் செய்தாள்.

“என்ன புள்ள, வாய்க்குள்ள என்ன?” என்றான் சோலைராஜன்.

“ரசஞ்சோறு மாமா. ரசமா இது? புளித்தண்ணி.”

“எறக்குறப்ப கொய்யா எல ஒண்ணக் கிழிச்சுப் போடச் சொல்லு. வாசம் தூக்கும்.”

அவள் கை தட்டிலேயே நின்றது. அந்தக் குறிப்பை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. ஆபீஸ் விஷயம் எதையும் அவனிடம் பேசுவதில்லை என்று ஆரம்பத்திலேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். அவனை எந்தச் சுற்றிலும் சேர்க்கவும் இல்லை. இந்தப் பெட்டி ஒன்று இருப்பதே உலகத்தில் அவளையும் அதைச் செய்து கொடுத்த கடைக்காரனையும் தவிர யாருக்கும் தெரியாது.

“இத ஆரு சொன்னா ஒனக்கு?”

“கடலூர்க்காரம்மா ஒருத்தவுக. அவுககிட்ட ஆரோ சர்வேக்காரவுக சொன்னாகளாம். நல்ல சங்கதின்னா அவுக வாய் சும்மா இருக்காது. இப்ப இங்கிட்டு எல்லாரும் அதத்தான் பேசிக்கிட்டிருக்கோம். வச்சுப் பாக்கத்தான் அடுப்பு இல்ல.”

“இங்கிட்டுன்னா எங்கிட்டு?”

சோலைராஜன் கொஞ்சம் தயங்கினான். உயிரோடு இருந்தபோதும், பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் தயங்குவான்.

“நீ மத்தியானம் அரை மணி நேரம் பேசுற. மிச்ச நேரமெல்லாம் நான் என்னா பண்ணுவேன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? எல்லாப் பொட்டியும் ஒரே டவரத்தானே புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. ஆரு பேச்சாச்சும் காதுல விழுகும். நாமளும் ஒண்ணு சொல்லுவம். அப்பிடியே பழகிப்போச்சு.”

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று வருடமாக உலகத்துக்குப் பயந்து ஒளித்து வைத்து, சம்பளத்தில் பாதியைக் கடைக்காரனுக்குக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றியவள் அவள். இவனுக்கு அவளைத் தவிர ஓர் ஊரே இருந்திருக்கிறது. கோபத்துக்குப் பின்னால் மெதுவாகக் கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஒருவரிடம் சமையல் குறிப்பு ஒன்றைச் சொல்லிவிட்டு, அது அவரோடு நின்றுவிடும் என்று நம்பியிருக்கிறார்கள்! எம்.எஸ்ஸி., பிஎச்.டி., எல்லாம் படித்துவிட்டு இப்படி ஒரு மடத்தனம். அடையாளம் போட்ட அறுநூறு பேரை அவர்கள் மறுபடி பார்க்கவில்லை. அந்த அறுநூறில் பாதிக்குமேல் கடலூர் அம்மாளிடம் ரசம் கற்றுக்கொண்டவர்கள். இரண்டாயிரம் என்பது தப்பான எண்.

“எத்தன பேரு மாமா இருக்கீக?”

“எண்ணுனதில்ல. நாங்க என்ன ரேசன் கடை வரிசையா? ஆனா ஒண்ணு சொல்றேன். என்னயக் கூப்புட நீ இருக்க. அப்பிடிக் கூப்புட ஆளு இருக்கவய்ங்க இங்க ரொம்பக் கொஞ்சம். மத்தவய்ங்கள வீட்டுல ஒளிச்சு வச்சாய்ங்க. மொத ஆறு மாசம் தெனமும் பேசுனாய்ங்க. அப்புறம் தீவாளி, பொங்கல். அழிக்கவும் மனசு வரல, பேசவும் நேரம் வரல. பரண்ல போட்டுட்டுப் போயிட்டாய்ங்க. பேட்டரி என்னமோ பத்து வருசத்துக்குத் தாங்குது.”

குடும்பம் வழியாகப் போன முதல் சுற்றிலும், கடை வழியாகப் போன இரண்டாம் சுற்றிலும், யாரோ ஒருவர் இன்னும் அக்கறையோடு வைத்திருக்கும் குரல்கள் மட்டுமே அகப்பட்டிருக்கின்றன. பரணில் கிடப்பவற்றை யார் கொண்டுவந்து நீட்டுவார்கள்? ஒளிந்திருப்பவர்களுக்குள்ளேயே இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும் ஒரு கூட்டம். அவள் கணக்கு அவர்களின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

“நம்பலேன்னா போட்டுப் பாரு,” என்றான் அவன். “செத்தவய்ங்க நம்பரு ஏதாச்சும் ஒண்ணு. ‘உபயோகத்தில் இல்லை’ன்னு அந்தப் பொம்பள சொல்லும். வச்சிராத. தமிழ்ல சொல்லி, இங்கிலீசுல சொல்லி, மறுக்காத் தமிழுக்கு வரும். அதுக்கு வாய் வலிக்கட்டும். மூணு வட்டம் சொல்லி முடிச்சதும் லைன் போகும். அம்புட்டு நேரம் ஆரு காதுல வச்சிருக்கா? எல்லாரும் மொத வரியிலயே வச்சிர்றாய்ங்க.”

மறுநாள் காலையில் ஜெர்லினும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். இறந்தவர்களின் எண்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போல ஒன்றைக் கணினி எடுத்துப் போட்டது. அறிவிப்பு ஓடியது. மூன்று முறை ஓடி முடித்து மௌனமானது. அவ்வளவுதான். யாரும் எடுக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. ஜெர்லின் சலித்துக்கொண்டு எழுந்து டீ வாங்கப் போகும் நேரத்தில், ஓர் எண்ணில் அறிவிப்பு ஓய்ந்த மறு நொடியே ஒரு பெண் குரல் பதறிக்கொண்டு வந்தது.

“அலோ? அலோ? வெச்சிடாதீங்க. கலையரசனா?”

ஜெர்லின் நாற்காலியில் விழுந்தாள். “இல்லீங்கம்மா. நாங்க... சர்வேங்க.”

“சர்வேயா? பரவால்லம்மா, சர்வேன்னாலும் பரவால்ல. கேளுங்க. மெதுவாவே கேளுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“ரசத்துல கடைசியா என்னம்மா போடணும்?”

“கொய்யா எலை,” என்றது குரல், பரீட்சையில் விடை தெரிந்துவிட்ட சந்தோஷத்தோடு. “நீ போட்டுப் பாத்தியாம்மா? நெசமாவே வாசனையா இருக்கா? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

அவர்களுடைய கேள்வித்தாளில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது. ஜெர்லின் இன்னும் என்னென்னவோ கேட்டாள். என்ன ஊர், கலையரசன் என்ன படித்தான், சின்ன வயதில் சேட்டை செய்வானா என்றெல்லாம் கேட்டாள். வைத்த பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். “எங்க அப்பா பெட்டி பாளையங்கோட்டை வீட்டுல இருக்கு அக்கா,” என்றாள் துப்பட்டாவுக்குள்ளிருந்து. “கடைசியா எப்பப் பேசினேன்னு எனக்கு ஞாபகமே இல்ல.” அங்கயற்கண்ணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தன் கைப்பையைப் பற்றி அவளிடம் சொல்லும் தைரியம் அப்போது வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் அழைத்தார்கள். எந்த மாவட்டமானாலும், எந்த வருடமானாலும், நூறு எண்ணுக்கு ஆறு எண்ணில் யாராவது எடுத்தார்கள். பத்து வருடங்களில் அணைந்த எண்கள் மொத்தம் அறுபது லட்சம். அதில் நூற்றுக்கு ஆறு என்றால் மூன்று லட்சத்து அறுபதாயிரம். கல்யாணமும் வேண்டாம், ரசமும் வேண்டாம். பொறுமையாக ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தால் போதுமாக இருந்திருக்கிறது.

இப்போது அங்கயற்கண்ணி முன்னால் இரண்டு எண்கள் இருந்தன. இரண்டாயிரத்தைக் கொடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சோலைராஜனுக்குப் பெர்மிட் கிடைக்கும். ஒரு மாதம் கழித்து, கலையரசனின் அம்மாவும் அவளைப் போன்ற லட்சக்கணக்கானோரும், கேட்க ஆளில்லாத காரணத்தால், சத்தமில்லாமல் அழிக்கப்படுவார்கள். உண்மையான எண்ணைக் கொடுத்தால் அதை யாரும் சத்தமில்லாமல் செய்ய முடியாது. சட்டசபை பேசித்தான் ஆக வேண்டும். என்ன முடிவு செய்யும் என்று தெரியாது. ஆனால் அறிவிப்பு ஓயும்வரை காத்திருக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று முதல் நாளே கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்ன கணத்தில் பெட்டிக்கு சீல் விழும்.

அன்று மத்தியானம் அவள் சோற்றைத் தொடவே இல்லை.

“மாமா, நீ எம்புருசனா, இல்ல அவுக சங்கத்துக்குத் தலைவரா? எதுக்கு இத எங்கிட்டச் சொன்ன? ரசம் நல்லால்லன்னா நல்லால்லன்னு கேட்டுட்டுப் போக வேண்டியதுதான?”

“நான் என்னத்தக் கண்டேன், நீதான் அந்தச் சர்வேக்காரின்னு? வேலையப் பத்தி வாயத் தொறந்தியா நீ?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “ரெண்டாயிரம்னு குடுத்துட்டா நீ எங்கூடவே இருப்ப.”

“இருப்பேன். தெனமும் அரை மணி நேரம் பேசுவேன். ஆனா மிச்ச நேரம் இங்கிட்டு ஒரு சத்தமும் இருக்காது புள்ள.” பிறகு அவனே கேட்டான். “சீல் வச்சா நீதான் எங்கூடப் பேச முடியாது. எங்களுக்கு டவரு என்னமோ டவருதான?”

“எனக்கு?”

பல் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பவன் போல, “நல்லாத் தூங்கு. தொட்டிக்குப் பின்னால உக்காந்து சாப்புடாத, வெயிலு,” என்றான். அவள் மாமா, மாமா என்று இரண்டு முறை சொன்னாள். அதோடு அந்த அரை மணி நேரமும் தீர்ந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் அவள் அறவாழியின் அறைக்குப் போய் அறிக்கையை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் சோப்பு டப்பாவையும் வைத்தாள்.

அறவாழி டப்பாவைப் பார்த்தார். அறிக்கையைப் பார்த்தார். முதல் பக்கத்தில் இருந்த எண்ணின் சைபர்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனார். ‘இந்தக் கணக்கின் முதல் தடயம் என் கணவர் சோலைராஜனின் குரலிடமிருந்து கிடைத்தது. அக்குரல் சட்டத்துக்குப் புறம்பாக மூன்றாண்டுகளாக என்னிடம் இருக்கிறது’ என்று எழுதி, கீழே அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“இந்தப் பக்கம் இல்லாம ரிப்போர்ட் நிக்காதா?”

“நிக்காது சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. அங்க நான் மழுப்பினா நம்பரும் பொய்னு ஆயிடும்.”

“ரெண்டாயிரம்,” என்றார் அவர். “அது ரொம்ப நல்ல நம்பரா இருந்துச்சும்மா.” அவர் அதைச் சொன்ன விதம் அங்கயற்கண்ணிக்கு ஆச்சரியமாக இருந்தது. சட்டசபைத் தொல்லையை நினைத்து வருந்தும் அதிகாரியின் குரலாக அது இல்லை. ஓய்வூதியத்துக்கு ஆபத்து என்று பயப்படுகிறாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க. முகத்தைப் பாத்தாத் தெரியுது. முதல்ல இதைக் குடிங்க,” என்று கேரியரின் மேலடுக்கைத் திறந்து, ஒரு டம்ளரில் ரசத்தை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

நல்ல வாசனை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். ரசத்தின் மேல் ஓர் இலை மிதந்தது. கறிவேப்பிலை இல்லை, கொத்தமல்லி இல்லை. அகலமாக, நரம்பு புடைத்து, பாதியாகக் கிழித்துப் போட்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். அறவாழி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசம் முன்னால சேனாதான் சொன்னா,” என்றார். “எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டேன். சிரிச்சா. சமையல் மொத்தமும் அவகிட்டக் கேட்டுக் கேட்டுத்தான். அஞ்சு வருஷமா அடுப்புக்குப் பக்கத்துல போனை வெச்சுக்கிட்டுத்தான் தாளிக்கிறேன். பெர்மிட் ஒண்ணு கிடைச்சா ரிட்டயர் ஆனப்புறம் நிம்மதியா...”

பிறகு கேரியரைக் கழற்றினார். முதல் அடுக்கு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது அடுக்கைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சோப்பு டப்பாவை எடுத்து, மேஜைமேல் சோலைராஜனுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் தேவசேனாவின் பெயரையும் எழுதினார். எழுத்து அழகாகவே வந்தது.

எழுதி முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, எண்ணைக் காட்டி, கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டார். “இதுல இன்னும் ஒண்ணு கூட்டணுமாம்மா?”

“வேண்டாம் சார்,” என்றாள் அங்கயற்கண்ணி. “அவங்க ஏற்கெனவே இதுக்குள்ளதான் இருக்காங்க.”

அறவாழி தலையாட்டினார். இரண்டு பெட்டிகளையும் ஒட்டி வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீலை ஒட்டினார். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்துவிடச் சொன்னார்.